ஆறு ஸ்வரம், மூன்று ஷட்ஜம்

கிடார் வாங்கிய புதிதிலேயே கைக்கு வந்துவிடும் கார்ட்கள் சில உண்டு. ஈ மைனர், ஈ மேஜர், சி மேஜர். இந்த மூன்றையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு, இவை எந்த ஸ்கேலில் வருகின்றன என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஈ மைனரில் ஜி இருக்கிறது. ஈ மேஜரில் ஜி ஷார்ப் இருக்கிறது. ஈ, ஜி, ஜி ஷார்ப் மூன்றும் எந்த மேஜர் ஸ்கேலிலும் ஒன்றாக வராது. எங்கள் ட்ரூப்பில் கீபோர்ட் வாசிக்கும் அண்ணன், "ஸ்கேல் மாறுதுப்பா, வேற என்ன?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மாறத் தேவையே இல்லை. ஆறே நோட் உள்ள ஒரு ஸ்கேலுக்குள் மூன்றும் சௌகரியமாக உட்கார்ந்திருக்கின்றன. ஆக்மென்டட் ஸ்கேல் என்று பெயர். பெயரைக் கேட்டதும் ஜாஸ்காரர்கள் சோலோவில் ஓட்டுகிற சமாசாரம் என்று ஒதுங்கிவிட வேண்டாம். நான் பார்த்த பாடங்கள் எல்லாம் இதை மேலும் கீழும் வேகமாக ஓட்டிக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. அப்படி ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் காது சலித்துப்போகும், ஏனென்றால் அதில் திரும்பத் திரும்ப வருவது ஒரே அடி. என் கட்சி வேறு. இது கார்ட் கட்டுவதற்கு வாய்த்த ஸ்கேல், அதிலும் கிடாரில் கட்டுவதற்கு.

நான் பெரிய ஜாஸ் பண்டிதன் இல்லை. பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவுக்கு வாசிப்பேன், முகூர்த்த மாதங்களில் லைட் மியூசிக் மேடை. இந்த இரண்டு இடத்திலும் வாசிப்பவனுக்கு ஒரே ஒரு டாமினன்ட் செவன்த் கார்டை (ஜி செவன்த் மாதிரி, அடுத்த கார்டுக்கு இழுக்கும் கார்ட்) வைத்துக்கொண்டே காலம் ஓடிவிடும். அதனால்தான் அந்தக் கார்டே இல்லாத ஒரு ஸ்கேல் என்னை இப்படிப் பிடித்துக்கொண்டது.

சரி, ஸ்கேலுக்கு வருவோம். சி, ஈ ஃப்ளாட், ஈ, ஜி, ஏ ஃப்ளாட், பி. அப்புறம் மேல் சி. (ஏ ஃப்ளாட்டும் ஜி ஷார்ப்பும் ஒரே ஃப்ரெட்தான்.) ஒரே கம்பியில் வாசித்தால் மூன்று ஃப்ரெட் தாண்டு, ஒரு ஃப்ரெட் நகரு, மறுபடி மூன்று, ஒன்று, மூன்று, ஒன்று. பன்னிரண்டு ஃப்ரெட்டும் தீர்ந்துவிடும். சி, ஈ, ஏ ஃப்ளாட் மூன்றும் சேர்ந்தால் ஒரு ஆக்மென்டட் கார்ட், அதாவது நான்கு நான்கு ஃப்ரெட் இடைவெளியில் மூன்று நோட். ஈ ஃப்ளாட், ஜி, பி மூன்றும் சேர்ந்தால் இன்னொன்று. அடுத்தடுத்த ஃப்ரெட்டில் இருக்கும் இரண்டு ஆக்மென்டட் கார்டைப் பின்னிவிட்டால் இந்த ஸ்கேல். பெயர்க் காரணமும் அதுதான்.

கிடாரில் இது எங்கெங்கே விழுகிறது என்று பாருங்கள். 0 என்றால் திறந்த கம்பி, ஆறாம் கம்பி என்றால் தடித்த கம்பி.

ஆறாம் கம்பி: 0, 3, 4, 7, 8, 11
ஐந்தாம் கம்பி: 2, 3, 6, 7, 10, 11
நான்காம் கம்பி: 1, 2, 5, 6, 9, 10
மூன்றாம் கம்பி: 0, 1, 4, 5, 8, 9
இரண்டாம் கம்பி: 0, 1, 4, 5, 8, 9
முதல் கம்பி ஆறாம் கம்பியைப் போலவே.

மூன்றாம் கம்பியும் இரண்டாம் கம்பியும் அப்படியே ஒன்றாக இருப்பதைக் கவனித்தீர்களா? கிடாரின் வழக்கமான ட்யூனிங்கில் இந்த ஒரு ஜோடிக்கு மட்டும்தான் நடுவில் மேஜர் தேர்ட், அதாவது நான்கு ஃப்ரெட் தூரம். மற்ற ஜோடிகளுக்கெல்லாம் ஐந்து. வழக்கமாகக் கார்ட் வடிவங்களை ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்குத் தூக்கி வைக்கும்போது நம்மைத் தொந்தரவு செய்வது இந்த ஜோடிதான். இந்த ஸ்கேலில் அதுவே வரமாகிவிடுகிறது. ஒரு விரலை மட்டும் மூன்றாம், இரண்டாம் கம்பிகள் மேல் படுக்கவைத்து 0, 1, 4, 5, 8, 9 என்று நகர்த்துங்கள், ஆறு இடத்திலும் ஒரு மேஜர் தேர்ட் கிடைக்கும். கட்டைவிரலால் திறந்த ஆறாம் கம்பி ஈ-யை விடாமல் அடித்துக்கொண்டே வாருங்கள். 0-வில் ஈ மைனர். 1-ல் ஈ ஆக்மென்டட். 4-ல் ஈ மேஜர் செவன்த்தின் சாயல். 5-ல் சி மேஜர், பேஸில் ஈ. 8-ல் மைனரும் மேஜர் செவன்த்தும் கலந்த அந்தத் திகில் கார்டின் சாயல். 9-ல் வெறும் ஈ மேஜர். ஒரே விரலில் இவ்வளவு வேறு எந்த ஸ்கேல் தரும்?

இதையே எல்லாக் கம்பிக்கும் விரித்தவர் ஒருவர் இருக்கிறார். ரால்ஃப் பாட் என்ற ஜாஸ் கிடார்காரர் 1964-ல் எல்லாக் கம்பிகளையும் மேஜர் தேர்ட் தூரத்தில் வைத்து ட்யூன் செய்யத் தொடங்கினார். அந்த ட்யூனிங்கில் நம் ஸ்கேல் எல்லாக் கம்பியிலும் ஒரே ஃப்ரெட்களில் நேர்கோடாக நிற்கும். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிறு காலை எட்டு மணி ஆராதனைக்கு அந்த ட்யூனிங்கோடு போய் நிற்க முடியாது.

இனி முக்கியமான விஷயம். இந்த ஸ்கேலுக்குள் எந்தக் கார்டைப் பிடித்தாலும், அதே வடிவத்தை நான்கு ஃப்ரெட் மேலே தள்ளினால் ஸ்கேலை விட்டு வெளியே போக மாட்டீர்கள். இன்னும் நான்கு தள்ளினாலும் அப்படித்தான். மூன்றாம் தடவை தள்ளினால் அதே கார்ட், ஒரு ஆக்டேவ் மேலே. மேஜர் ஸ்கேலில் ஒரு வடிவத்தை நகர்த்தினால் எங்கே மேஜர், எங்கே மைனர், எங்கே டிமினிஷ்டு என்று யோசித்து யோசித்து விரலை மாற்ற வேண்டும். இங்கே யோசனையே இல்லை. ஈ மேஜர் செவன்த், 0 2 1 1 0 0 (தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பிக்கு எழுதுகிறேன், × போட்ட கம்பியை மீட்டக் கூடாது). அதைப் பார் போட்டு (ஆள்காட்டி விரலை எல்லாக் கம்பி மேலும் படுக்கவைத்து) நான்காம் ஃப்ரெட்டில் வைத்தால் 4 6 5 5 4 4, ஏ ஃப்ளாட் மேஜர் செவன்த். எட்டாம் ஃப்ரெட்டில் சி மேஜர் செவன்த். ஆறே நோட்டுக்குள் மூன்று மேஜர் செவன்த். சி, ஈ, ஏ ஃப்ளாட் மூன்றுக்கும் மேஜர் கார்டும் உண்டு, மைனர் கார்டும் உண்டு. முதலில் சொன்ன ஈ மைனர், ஈ மேஜர், சி மேஜர் புதிர் அவிழ்வது இங்கேதான்.

ஈ ஃப்ளாட், ஜி, பி மூன்றுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. அவற்றுக்கு மேலே பஞ்சமம் கிடையாது. அவற்றை வேராக வைத்து மூன்று நோட் கார்ட் அடுக்கினால் ஆக்மென்டட் ஒன்றோடு சரி.

கார்ட் கட்டுவதற்கு நமக்குச் சொல்லிக்கொடுத்த வழி "ஒன்று விட்டு ஒன்று எடு" என்பது. சி, ஈ, ஜி. டி, எஃப், ஏ. அந்த வழி இங்கே படுத்துவிடும். ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் சி, ஈ, ஏ ஃப்ளாட், அல்லது ஈ ஃப்ளாட், ஜி, பி. எங்கே தொடங்கினாலும் ஆக்மென்டட் கார்ட் இரண்டைத் தவிர எதுவும் வராது. ஆகவே வேறு வழியில் போக வேண்டும். நான் செய்தது, ஆறு நோட்டிலிருந்து நான்கு நான்காக எடுத்தால் என்னென்ன வரும் என்று எழுதிப் பார்த்தது. கணக்குப்படி பதினைந்து. நான்கு ஃப்ரெட் நகர்த்தினால் அதே ஸ்கேல் என்பதால், இந்தப் பதினைந்தும் மூன்று மூன்றாகச் சேர்ந்து ஐந்து குடும்பமாகிவிடுகின்றன. ஐந்தே வடிவம் கற்றால் நான்கு நோட் கார்ட் அத்தனையும் கையில்.

மேஜர் செவன்த் ஒரு குடும்பம், அதைப் பார்த்துவிட்டோம். மைனர் கார்டோடு மேஜர் செவன்த் சேர்ந்தது இன்னொன்று: × 3 1 0 0 ×, அல்லது ஈ-யில் 0 2 1 0 0 0. துப்பறியும் படத்தில் கதவு திறக்கும்போது கேட்கும் கார்ட், உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது குடும்பம் ஐந்தாம் நோட்டை அரை ஸ்வரம், அதாவது ஒரு ஃப்ரெட், ஏற்றிய மேஜர் செவன்த். எனக்கு ரொம்பப் பிடித்தது. திறந்த சி மேஜர் பிடியுங்கள், × 3 2 0 1 0. மோதிர விரலையும் நடுவிரலையும் அசைக்காமல், ஆள்காட்டி விரலை மட்டும் இரண்டாம் கம்பியிலிருந்து மூன்றாம் கம்பிக்கு, அதே முதல் ஃப்ரெட்டில் மாற்றுங்கள். × 3 2 1 0 0. அவ்வளவுதான். சி மேஜரின் முகம் சட்டென்று மாறும். இப்போது அழுத்தியிருக்கும் மூன்று விரலையும் அப்படியே நான்கு ஃப்ரெட் மேலே கொண்டுபோங்கள், × 7 6 5 0 0. இன்னும் நான்கு, × 11 10 9 0 0. மூன்று இடத்திலும் நோட்டுகள் அதே நான்குதான்: சி, ஈ, ஏ ஃப்ளாட், பி. பேஸ் மட்டும் சி, ஈ, ஏ ஃப்ளாட் என்று மாறுகிறது. மேலே இரண்டு திறந்த கம்பியும் மணி மாதிரி ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒரு பாட்டின் தொடக்கத்துக்கு இது ஒன்றே போதும்.

நான்காவது, மேஜர் தேர்டும் மைனர் தேர்டும் ஒரே கார்டில். × 3 2 0 4 0. நடுவிரல் ஐந்தாம் கம்பி மூன்றில், ஆள்காட்டி நான்காம் கம்பி இரண்டில், சுண்டுவிரல் இரண்டாம் கம்பி நான்கில். சுண்டுவிரல் பிடிக்கும் ஈ ஃப்ளாட்டும் பக்கத்தில் திறந்து கிடக்கும் ஈ-யும் அரை ஸ்வர தூரத்தில் ஒன்றோடொன்று உரசும். பலமாக அடித்தால் கடிக்கும். விரல் நுனியால் ஒவ்வொரு கம்பியாக, மெதுவாக எடுத்தால் அந்த உரசல் ஒரு நடுக்கம் மாதிரி கேட்கும். முதல் கம்பி பழசாகித் துருப்பிடித்திருந்தால் இது வேலைக்கு ஆகாது, ஏனென்றால் கம்பி லேசாகச் சுருதி விலகியிருந்தாலும் உரசல் அபஸ்வரமாகிவிடும். இந்தக் கார்டுக்காகவே கம்பி மாற்றலாம்.

கடைசிக் குடும்பத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். ஹென்ட்ரிக்ஸ் கார்ட் என்று எல்லாரும் அழைக்கும் வடிவம் தெரியும் இல்லையா? சி-யில் பிடித்தால் × 3 2 3 4 ×. அதில் மூன்றாம் கம்பியில் இருக்கும் மோதிர விரலை ஒரே ஒரு ஃப்ரெட் மேலே ஏற்றுங்கள். × 3 2 4 4 ×. பி ஃப்ளாட் போய் பி வந்துவிட்டது. அந்த ஒரு ஃப்ரெட்டில் ராக் முரட்டுத்தனம் முழுக்கக் கரைந்துபோய், என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு கண்ணாடிப் பளபளப்பு வருகிறது. காரணம் மேலே இருக்கும் பி-யும் ஈ ஃப்ளாட்டும் சேர்ந்து ஒரு மேஜர் தேர்ட். கீழே சி-யும் ஈ-யும் இன்னொரு மேஜர் தேர்ட். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சாந்தமான ஜோடிகள் மாடி போட்டு உட்கார்ந்திருக்கின்றன. திறந்த கம்பி எதுவும் இல்லாததால் × 7 6 8 8 ×, × 11 10 12 12 × என்று நகர்த்திக்கொள்ளலாம்.

எச்சரிக்கை ஒன்று. இந்த அரை ஸ்வர உரசல்களைக் கீழ்க் கம்பிகளில் வைக்காதீர்கள், சேறாகிவிடும். டிஸ்டார்ஷன் பெடலை அணைத்துவிடுங்கள்.

இப்போது, ஏன் இந்த ஸ்கேலில் டாமினன்ட் செவன்த் இல்லை என்று பார்ப்போம். எனக்கு இதுதான் சுவாரஸ்யம். சி-யை 0 என்று வைத்து ஃப்ரெட் ஃப்ரெட்டாக எண்ணினால் நம் ஆறு நோட்டும் 0, 3, 4, 7, 8, 11. எல்லாவற்றையும் நான்கால் வகுத்துப் பாருங்கள். மீதி 0 வரும், இல்லாவிட்டால் 3 வரும். அப்படியானால் எந்த இரண்டு நோட்டை எடுத்தாலும் அவற்றின் இடைவெளியை நான்கால் வகுத்தால் மீதி 2 வரவே வராது. அதாவது 2 ஃப்ரெட் தூரம் இல்லை, 6 இல்லை, 10 இல்லை.

பார்க்கச் சின்னக் கணக்கு. விளைவு பெரியது. 6 ஃப்ரெட் என்பது ட்ரைடோன். ஜி செவன்த் கார்டில் பி-க்கும் எஃப்-க்கும் நடுவில் இருக்கும் அந்த இழுவிசை. பி மேலே சி-க்குப் போகத் துடிக்கும், எஃப் கீழே ஈ-க்கு இறங்கத் துடிக்கும், அதனால்தான் ஜி செவன்த் கேட்டதும் காது சி-யை எதிர்பார்க்கிறது. நம் ஸ்கேலில் ட்ரைடோனே இல்லை, ஆகவே டாமினன்ட் செவன்த் இல்லை, டிமினிஷ்டு இல்லை. 10 இல்லாததால் மைனர் செவன்த் இல்லை. 2 இல்லாததால் சஸ் கார்டும் சிக்ஸ்த் கார்டும் இல்லை. சினிமாப் பாட்டு வாசிப்பவனின் பையில் பாதி காலி.

ஆனால் அரை ஸ்வரம் தள்ளிவிடும் வேலை மட்டும் மூன்று மடங்காக இருக்கிறது. பி தள்ளினால் சி. ஈ ஃப்ளாட் தள்ளினால் ஈ. ஜி தள்ளினால் ஏ ஃப்ளாட். மூன்று வீடு, மூன்றுக்கும் வாசல் அதே உயரம். எந்த வீடும் மற்றதை ஜெயிக்க முடியாது. பேஸ் எங்கே கொஞ்ச நேரம் நிற்கிறதோ, அப்போதைக்கு அதுதான் வீடு.

என் அக்கா சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறாள். அவளிடம் இந்த ஆறு நோட்டையும் வாசித்துக் காட்டினேன். கொஞ்சம் முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, "ஷட்ச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பஞ்சமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம். மத்திமம் இல்லாத காங்கேயபூஷணில்லா இது" என்றாள். 33-வது மேளம். மேளகர்த்தா அட்டவணை அவளுக்கு வாய்ப்பாடு மாதிரி.

அவள் சுருதி ஐந்தரைக் கட்டை, அதாவது ஜி ஷார்ப். நம் கணக்கில் ஏ ஃப்ளாட். மூன்று வீட்டில் ஒன்று! கேப்போ கூட வேண்டியிருக்கவில்லை. அவள் ஸ ரி க ப த நி என்று நிதானமாகப் பாட, நான் கீழே ஏ ஃப்ளாட் மேஜர் செவன்த்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் சுற்றில் பேஸை மட்டும் சி-க்கு மாற்றினேன். அவள் எதையும் மாற்றவில்லை. ஆனால் அவளுடைய காந்தாரம் ஷட்ஜமாகிவிட்டது, ஷட்ஜம் தைவதமாகிவிட்டது, நிஷாதம் பஞ்சமமாகிவிட்டது. ஸ்வரஸ்தானம் எல்லாம் அச்சு அசலாக அதே ஆறு. அப்புறம் ஈ-க்குப் போனேன். பாட்டை நிறுத்திவிட்டு, "ஏலே, என் ஷட்ஜத்த எங்கலே கொண்டு போற?" என்று கேட்டாள்.

கிரகபேதம்தான் அது, அதாவது ஸ்வரங்களை மாற்றாமல் வேறொரு ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்துக் கேட்பது. மோகனத்தில் ரிஷபத்தை ஷட்ஜமாக வைத்தால் மத்தியமாவதி, காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம், பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி. இடம் மாறினால் ராகம் மாறும், அதுதானே கிரகபேதத்தின் அழகு. இந்த ஆறு ஸ்வரத்தில் காந்தாரத்தை ஷட்ஜமாக வைத்தாலும், தைவதத்தை வைத்தாலும், திரும்ப இதே ராகம்தான் வருகிறது. மீதி மூன்று ஸ்வரங்களில் எதை வைத்தாலும் வேறொன்று வரும், மூன்றிலும் அதே ஒன்று: பஞ்சமம் இல்லாத காயகப்பிரியா. அக்கா அதையும் அங்கேயே கண்டுபிடித்தாள், நான் ஃப்ரெட் எண்ணிச் சரிபார்த்தேன். ஆறு கிரகபேதம், இரண்டே உருவம். "இதுல ஆலாபனை பண்ண முடியாதுலே, எங்க போனாலும் வீட்டு வாசல்லயே நிக்கும்" என்பது அவள் தீர்ப்பு. பாடுகிறவர்களுக்கு அது குறை. கார்ட் வாசிப்பவனுக்கு அது வசதி.

அக்காவுக்கும் எனக்கும் ஒரு இடத்தில் ஒத்துப்போகவில்லை. அவள் பாடும் அந்தர காந்தாரம் என் ஃப்ரெட்டை விடக் கொஞ்சம் தாழ்ந்து நின்றது. அவள் பக்கம்தான் நியாயம். தம்புராவின் ஷட்ஜக் கம்பிக்குள்ளேயே கேட்கும் காந்தாரம் 386 சென்ட் உயரத்தில் இருக்கிறது. கிடாரில் நான்கு ஃப்ரெட் என்றால் சரியாக 400 சென்ட். இந்த 14 சென்ட் வித்தியாசத்தை வீட்டிலேயே கேட்கலாம். ஆறாம் கம்பியில் நான்காம் ஃப்ரெட் கம்பிக்குச் சற்று முன்னால் விரலை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் எடுங்கள். இடம் அகப்படக் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். அது அடங்குவதற்குள் முதல் கம்பியில் நான்காம் ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஜி ஷார்ப்தான், ஆனால் நொடிக்கு மூன்று தடவை போல ஒரு அலை அடிக்கும். 412 ஹெர்ட்ஸும் 415 ஹெர்ட்ஸும் மோதுகிற அலை அது.

சுத்தமான காந்தாரத்தை மூன்று தடவை அடுக்கினால் ஆக்டேவ் வந்து சேராது, 41 சென்ட் குறையும். கிட்டத்தட்ட அரை ஃப்ரெட். அப்படியானால் சி-யிலிருந்து ஈ, ஈ-யிலிருந்து ஏ ஃப்ளாட், அங்கிருந்து சி என்று வட்டம் போட்டுத் திரும்பும் வித்தை ஃப்ரெட்களைச் சமமாக வகுத்த பிறகுதான் சாத்தியம். இந்த ஸ்கேலே சமப்படுத்திய சுருதியின் பிள்ளை. இசையமைப்பாளர் ஃப்ரான்ஸ் லிஸ்ட் 1854-ல் எழுதிய ஃபாவுஸ்ட் சிம்ஃபனி ஆக்மென்டட் கார்ட்களை ஒவ்வொரு அரை ஸ்வரமாக இறக்கிக்கொண்டே பன்னிரண்டு நோட்டையும் தொட்டுத்தான் தொடங்குகிறது.

ஜாஸில் சாக்ஸபோன் வாசித்த ஜான் கோல்ட்ரேனைச் சொல்லாமல் விட முடியாது. 1959-ல் பதிவான ஜயன்ட் ஸ்டெப்ஸ் பி, ஜி, ஈ ஃப்ளாட் என்ற மூன்று வீடுகளுக்கு நடுவே ஓடுகிறது. அந்த மூன்று மேஜர் செவன்த்தும் நம் ஸ்கேலை ஒரு ஃப்ரெட் கீழே இறக்கினால் வரும் ஸ்கேலில் அடங்கும். ஆனால் கோல்ட்ரேன் ஒவ்வொரு வீட்டுக்கும் அதற்குரிய டாமினன்ட் செவன்த் வழியாகப் போகிறார், அந்தக் கார்ட்கள் ஸ்கேலுக்கு வெளியே. அதனால்தான் அந்தப் பாட்டு மூச்சிரைக்க ஓடுகிறது. டாமினன்ட்களை எடுத்துவிட்டு மூன்று மேஜர் செவன்த்தையும் மட்டும் சுற்றிச் சுற்றி வாசித்தால் அந்த ஓட்டம் போய் மிதக்கத் தொடங்கும். நமக்கு வேண்டியது அந்த மிதப்பு. ஓட்டிக் காட்டும் பக்கம் போக ஆசைப்படுகிறவர்கள் 1961-ல் வந்த ஸ்டோலன் மோமென்ட்ஸில் ஆலிவர் நெல்சன் வாசிக்கும் டெனர் சாக்ஸ் சோலோவைக் கேளுங்கள். சலிக்காமல் ஓட்ட அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதையெல்லாம் வைத்து ஒரு வரிசை. விரல் அதிகம் நகராது, எல்லாம் ஆறு நோட்டுக்குள்:

0 2 2 0 0 0, ஈ மைனர்
0 2 1 0 0 0, நான்காம் கம்பி மட்டும் ஒரு ஃப்ரெட் இறங்கியது
0 2 1 1 0 0, ஈ மேஜர் செவன்த்
× 3 2 1 0 0, சி, ஐந்தாம் நோட் ஏற்றியது
× 3 2 0 0 0, சி மேஜர் செவன்த்
× 3 1 0 0 0, இதில் ஈ ஃப்ளாட்டும் ஈ-யும் இரண்டும் உண்டு
4 6 5 5 4 4, ஏ ஃப்ளாட் மேஜர் செவன்த்

அங்கிருந்து மறுபடி ஈ மைனர். ஒவ்வொன்றையும் இரண்டு பார் நிறுத்துங்கள். அவசரப்பட்டால் தப்பாக வாசிக்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டில் நினைப்பார்கள். நிறுத்தி வாசித்தால் வேண்டுமென்றே செய்கிறீர்கள் என்று புரியும்.

வேறு கீ வேண்டுமென்றால், மொத்தம் நான்கு ஆக்மென்டட் ஸ்கேல்தான் உலகத்தில் உண்டு. ஒரு ஃப்ரெட் நகர்த்தினால் மூன்று நோட் பொதுவாக இருக்கும், அந்த ஆக்மென்டட் கார்டைப் பாலமாக வைத்துக் கடக்கலாம். இரண்டு ஃப்ரெட் நகர்த்தினால் பொது நோட் ஒன்றுகூட இருக்காது. முதல் ஸ்கேலில் இல்லாத ஆறும் அங்கே இருக்கும். பாட்டில் ஒரு இடத்தில் விளக்கை அணைத்துப் போட வேண்டும் என்றால் இந்த இரண்டு ஃப்ரெட் தாவல்தான்.

முழுப் பாட்டையும் இதிலேயே கட்டச் சொல்ல மாட்டேன். முன்னிசையில் எட்டு பார், சரணத்துக்கு முன்னால் நான்கு பார், அந்த அளவுக்குத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். பாட்டு ஈ மைனரில் என்றால் முன்னிசை முழுக்க இங்கே மிதந்துவிட்டு, கடைசி பாரில் ஒரு பி செவன்த். அதுவரை ட்ரைடோனே கேட்காத காதுக்கு அந்த ஒரு பி செவன்த் தரும் இழுப்பு, நாள் முழுக்க அதையே அடிக்கும்போது கிடைக்காது. கீபோர்ட் அண்ணனும் அந்த இடத்தில் மட்டும் தலையாட்டுவார்.

மேடையில் இதை முயற்சி செய்வதற்கு முன்னால் பேஸ் கிடார் வாசிக்கும் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்: சி, ஈ, ஏ ஃப்ளாட், இந்த மூன்றைத் தவிர வேறெதிலும் நிற்காதே, நடுவில் நடக்காதே. சி-யிலிருந்து ஈ-க்குப் போகிற வழியில் பழக்கதோஷத்தில் ஒரு டி-யைத் தொட்டுவிடுவார்கள். தொட்டால் போச்சு, கேட்கிறவர்களுக்கு அது வெறும் சி மேஜர்.